ஒன்றேகால் வினாடிக்கு அந்தப் பக்கம்

எமிலி அம்மாவுக்கு,

முதலில் அன்று யார் யார் எங்கே இருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அறுவை அரங்கில் கத்தியை எடுப்பதற்கு முன் இதைச் சத்தமாகச் சொல்வது எங்கள் வழக்கம். சொல்லாமல் தொடங்கினால் எனக்குக் கை ஓடாது.

மேசைமேல் மல்லாந்து கிடந்தது சுடலைமணி. நிலவின் தென்துருவத்தில் பனிக்கட்டி தோண்டும் இயந்திரத்தின் ஓட்டுநர். இயந்திரத்தின் கை திரும்பி அடித்ததில் வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்திருந்தது. அவன் தலைமாட்டில் சுழல் நாற்காலியில் டாக்டர் ஃபர்ஸானா உட்கார்ந்திருந்தார். மயக்கம் கொடுப்பவர் அவர். எங்கள் தளத்தில் நேரில் இருக்கும் ஒரே டாக்டரும் அவர்தான். மேசையின் வலப்பக்கம், கருவித் தட்டை ஒட்டி நான் நின்றேன். எனக்கு எதிரே கூரையிலிருந்து தொங்கும் இரண்டு இயந்திரக் கைகள், அவற்றுக்கு மேலே ஒரு கண். சுவரோரம் முக்காலியில் ரெஜினா அக்கா. என்னைவிட நாலு வயதுதான் மூத்தவள். ஆனால் சான்றிதழ் பெற்ற அறுவைத் தொழில்நுட்பர். எனக்குப் பயிற்சி கொடுப்பவள்.

ஐந்தாவது ஆள் நிலவில் இல்லை. மதுரையில், சாத்திய கதவுக்குப் பின்னால், கைப்பிடி வளையங்களுக்குள் விரல்களை நுழைத்து உட்கார்ந்திருந்தார் உங்கள் கணவர், டாக்டர் ஞானதுரை.

நீங்கள் எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "கடைசித் தையல் அவர் போட்டதாம்மா?" ஆம், அவர் கை போட்டதுதான் என்று நிறுவனம் உங்களுக்குப் பதில் எழுதிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் பதில் அதுவல்ல. அதைச் சொன்னால் எனக்குச் சான்றிதழ் கிடைக்காது. இனி எந்த அரங்கிலும் நிற்க முடியாது. ஆகவே அவசரப்படாமல், நடந்தது நடந்த வரிசையில் எழுதுகிறேன். விளாத்திகுளம் பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, வருத்தமான செய்தியை முதல் வரியிலும் வைக்காதே, கடைசி வரியிலும் வைக்காதே என்பார்கள். நடுவில் வரும்.

என் வேலை என்னவென்று சார் வீட்டில் சொல்லியிருப்பாரா, தெரியவில்லை. இங்கிருந்து ஒரு சொல் பூமிக்குப் போக ஒன்றேகால் வினாடி ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு ஒன்றேகால். பேசுவதற்கு இது பெரிதில்லை. குழாயிலிருந்து இரத்தம் பீறிடும்போது இரண்டரை வினாடி என்பது ஒரு யுகம். அதனால் இயந்திரக் கை சாரின் அசைவு வந்து சேரும்வரை சும்மா இருப்பதில்லை. அவர் அடுத்து என்ன செய்வார் என்று ஊகித்துத் தொடங்கிவிடும். அவருடைய உண்மையான அசைவு வந்ததும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஊகம் தப்பினால் நின்று திருத்திக்கொள்ளும்.

அந்தக் கைக்குக் கருவி கொடுப்பவளும் ஊகிக்கத்தான் வேண்டும்.

"கேட்ட பொறவு குடுக்கதுக்கு நீ எதுக்கு பிள்ள? ஒரு தட்டு போதுமே" என்பாள் ரெஜினா அக்கா. "அவரு மனசுல 'கத்தரி'ன்னு நெனைக்கும்போது கத்தரி அங்க நிக்கணும். 'கத்தரி எங்க'ன்னு அவரு கேட்டுட்டா நீ தோத்த."

சாரின் பழைய அறுவைகளைப் படமாகப் பார்த்துப் பார்த்து அவர் கையை மனப்பாடம் செய்தேன். நான் சில சமயம் இரண்டு படி முன்னால் போய்விடுவேன். ஒலிபெருக்கியில் அவர் சிரிப்பு தாமதமாக வந்து விழும். "எம்மா, கொஞ்சம் நில்லு. நான் மதுரையிலேருந்துல்லா வரணும்." சரியான கருவி சரியான நேரத்தில் போனால் ஒன்றும் சொல்லமாட்டார். "ம்" என்று மட்டும் ஒரு சத்தம் வரும். அந்த "ம்"முக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். பயிற்சியில் நான் நின்ற மூன்றாவது அறுவை. தட்டைத் திருப்பும்போது என் முழங்கை விளக்கில் பட்டது போலிருந்தது. பட்டதா இல்லையா, எனக்கே நிச்சயமில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளே வயிறு திறந்து கிடக்கிறது.

"அக்கா, கை போச்சு" என்றேன். கிருமிநீக்கம் செய்யாத எதிலாவது பட்டுவிட்ட கையை அப்படித்தான் சொல்வோம்.

"எங்க பட்டுது?"

"விளக்குல. முழங்கை."

"நான் பாக்கலியே."

"நானும் பாக்கல. பட்ட மாதிரி இருந்துச்சு."

"அப்பம் போச்சுதான். கழட்டு."

எங்கள் தொழிலில் எல்லாச் சட்டத்துக்கும் தாய்ச்சட்டம் அது. சந்தேகம் வந்தால் அசுத்தம். பட்டதா என்று விசாரணை கிடையாது. கையுறை, அங்கி, தட்டு, எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும். நான் மறுபடி உடுத்தி வரும்வரை இயந்திரக் கைகள் அந்தரத்தில் அசையாமல் காத்துக்கொண்டிருந்தன. சார் திட்டுவார் என்று நினைத்தேன். நான் தட்டருகே வந்து நின்றதும் "ம்" என்றார். அவ்வளவுதான்.

இனி அன்றைய அறுவை. அது எனக்குத் தேர்வும்கூட.

வயிறு திறந்தது. மனிதனுக்குள்ளே இருட்டு என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். விளக்கு பட்டதும் அது சிப்பியின் உட்புறம்போல மினுங்குகிறது அம்மா. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றுதான் வரும். அதிலும் நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால் இரத்தம் ஓடிப் பரவுவதில்லை. செந்நிறக் கண்ணாடிக் கூரைபோல எழும்பி, மெல்ல ஆடிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் கூரை விளக்கு தலைகீழாகத் தெரியும்.

உறிஞ்சு குழாய் போனது. துணி போனது. கிழிந்த மண்ணீரல் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் காம்பில் போகும் பெரிய இரத்தக்குழாயைக் கவ்வ ஆர்ட்டரியைக் கொடுத்தேன். கவ்வும் இடுக்கியை அரங்கில் அப்படித்தான் சொல்வோம். "ம்" வந்தது. நூல் கொடுத்தேன். சார் முடிச்சுப் போட்டார். ஒன்று, அதன்மேல் ஒன்று, பிறகு மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவது முடிச்சை இறுக்கும் முன் அவர் எப்போதும் ஒரு நொடி தயங்குவார். இறுகியதும் "ம்" என்றார்.

அதற்குப் பிறகு "ம்" வரவில்லை.

முக்கியமான இடத்தில் சார் பேசமாட்டார் என்பது எங்களுக்குப் பழக்கம். ஒருவரும் சந்தேகப்படவில்லை. கைகள் போய்க்கொண்டிருந்தன. நான் கொடுக்கக் கொடுக்க வாங்கின. வெட்டின, கட்டின, மண்ணீரலைத் தூக்கிக் கிண்ணத்தில் வைத்தன.

"சாரு இன்னைக்கு எப்பிடி செய்யுதாருன்னு பாருங்க டாக்டர், ஒரு தயக்கம் இல்ல" என்றாள் ரெஜினா அக்கா.

"ஷ்" என்றார் ஃபர்ஸானா டாக்டர். அவரும் மலைத்துப்போய்த்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் அதைக் கண்டேன். இரைப்பையின் பின்னால், குவிந்து நின்ற இரத்தத்துக்கு அடியில், தலைமுடி கனத்தில் ஒரு செந்நூல் எழும்பி மடங்கியது. மறுபடியும் எழும்பியது. பக்கவாட்டில் நிற்பவருக்கு மட்டுமே அது தெரியும். மேலேயிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரத்தக் கூரைதான் தெரியும். திட்டப்படி அடுத்தது கழுவும் தண்ணீர். என் கை தண்ணீரை எடுக்கவில்லை. தட்டிலிருந்த மிகச் சிறிய வளைந்த ஆர்ட்டரியை எடுத்து நீட்டிவிட்டது. அதே சமயம் வாயும் திறந்தது.

"சார், இரைப்பைக்குப் பின்னால..."

நான் வாக்கியத்தை முடிக்கவில்லை. கை ஆர்ட்டரியை வாங்கியது, இரத்தத்தை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போனது, அந்த நூலின் வேரைக் கவ்வியது. செந்நூல் அணைந்தது.

எப்படிப் பார்த்தார்? இரண்டரை லட்சம் மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எப்படிப் பார்த்தார்? கோயில் கருவறையில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன். ஆனால் மனதின் ஓரத்தில் ஒரு கணக்கு ஓடியது. நான் சொன்ன சொல் அப்போது பூமிக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது. அந்தக் கணக்கை நான் தள்ளிவிட்டேன். கும்பிடுகிறவள் கணக்குப் பார்ப்பதில்லை.

உள்ளே வைத்த துணிகளை எண்ணினோம். சரியாக இருந்தது. வயிற்றை மூடினோம். கடைசித் தையலும் விழுந்தது.

"சார், முடிஞ்சுது" என்றேன்.

இரண்டரை வினாடி போயிற்று. இன்னொரு இரண்டரையும் போயிற்று.

"சார்?" என்று ரெஜினா அக்கா எழுந்தாள்.

பிறகு ஒலிபெருக்கியில் கதவு திறக்கும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், ஒரு பெண் "ஐயோ சார்" என்பது. அதற்குமேல் உங்களுக்குத் தெரியும். அவர் முன்னால் சாய்ந்திருந்தார். விரல்கள் வளையங்களிலேயே இருந்ததால் இயந்திரம் அவர் இருப்பதாகவே எண்ணிக்கொண்டது.

ஒரு வாரத்தில் நிறுவனத்திலிருந்து படத்தோடு ஒரு சுவரொட்டி வந்தது. "மனிதர் போனார், கை போகவில்லை." அவர் உயிர் பிரிந்த பிறகும், அவருடைய பழைய அறுவைகளிலிருந்து கற்ற கை தானாகவே ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஞானதுரை கை என்ற பெயரிலேயே அதை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பப் போகிறார்கள். டாக்டர் தேவையில்லை. தொழில்நுட்பரும் தேவையில்லை. கருவிகளைத் தானே நீட்டும் தட்டு ஒன்று போதுமாம்.

அதோடு என் சான்றிதழும் தயாராக வந்தது. தேர்வு முடிந்த பயிலுநர்கள் எல்லாரும் கையெழுத்திடும் உறுதிமொழி மட்டும் பாக்கி. அது இவ்வளவுதான்: "கொடுத்த கை என்னுடையது. அறுத்த கை என்னுடையதல்ல."

பேனாவை எடுத்தேன். அந்த ஆர்ட்டரி கண்முன் வந்து நின்றது. பேனாவை மூடிவிட்டு மாசிலாமணியைத் தேடிப் போனேன். இயந்திரக் கைகளைப் பராமரிக்கும் பொறியாளர். கரூர்க்காரர், எல்லாவற்றையும் சாப்பாட்டில் வைத்தே சொல்வார்.

"அந்தச் சின்ன ஆர்ட்டரிய யாரு கேட்டா?" என்றேன்.

அவர் திரையில் கோடுகளை ஓட்டினார். ஓட்டியவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இசக்கி, இந்தக் கையோட காதுல மூணு பேரு பேசுவாங்க. ஒண்ணு, சார் இப்ப அசைக்கிற கை. ரெண்டு, சார் இத்தனை வருசமா செஞ்ச ஆபரேசன் எல்லாம். மூணாவது நீங்க."

"நானா?"

"தட்டுல எதை எடுக்கறீங்க, எங்க பாக்கறீங்க, எந்தப் பக்கம் நீட்டறீங்க. நல்ல டெக்னாலஜிஸ்ட் சார் கேக்கப் போறதைத்தானே எடுப்பாங்க? அதனால அதுவும் ஒரு குறிப்பு. எல்லாத் தளத்துலயும் அதை ஊறுகா மாதிரிதான் வெச்சிருப்போம். தொட்டுக்க."

"இங்க?"

"இங்க அதான் சோறு" என்றார் மெதுவாக. "மூணாவது முடிச்சுக்கு அப்புறம் சார் கை அசையவே இல்ல. அதுக்கு மேல அது கேட்டதெல்லாம் உங்க பேச்சைத்தாங்க. நீங்க எடுத்தீங்க, அது செஞ்சுது. மண்ணீரலை எடுத்தது, மூடினது, எல்லாமே. அந்தச் சின்னக் குழாய் சாரோட எந்தப் பழைய ஆபரேசன்லயும் கெடையாது. தேடிப் பாத்துட்டேன்."

நிலவில் விழுவதற்கும் நேரமாகும். மெல்லச் சரிந்து உட்கார்ந்தேன்.

"யாரு மாத்தினது? நீங்களா?"

"எனக்கு எங்க அவ்வளவு தைரியம்? சார்தான் மாத்தச் சொன்னார். பதிவு இருக்கு, கேக்கறீங்களா?"

அவர் குரல் வந்தது அம்மா. நான் முழங்கைக்காக அங்கி மாற்றப் போயிருந்த அந்த நேரத்தில், கைகள் அந்தரத்தில் நின்றபோது, மாசிலாமணியிடம் அவர் பேசியது.

"மாசி, இடைவெளி நேரத்துல எம் பழைய கைய ரொம்ப நம்பவேண்டாம்டே. அதுக்கும் வயசாயிட்டு. இந்தப் பிள்ள கையப் பாத்துப் போகச் சொல்லு. யாரும் பாக்காதப்பவும் கை போச்சுன்னு சொல்லுதா. அந்தக் கை போதும்."

அந்தப் பதிவின் முடிவில் நான் அரங்குக்குள் வரும் காலடிச் சத்தமும் இருக்கிறது. பிறகு அவருடைய "ம்".

மாசிலாமணி எனக்காகப் பயந்தார். "கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருங்க இசக்கி. இந்தக் கோடுகளையெல்லாம் யாரும் படிக்கப் போறதில்ல. பயிலுநர் அறுத்தான்னு தெரிஞ்சா வாழ்நாள் தடை. விதி அது."

ஃபர்ஸானா டாக்டரும் அதையேதான் சொன்னார். "அவன் உயிரோட இருக்கான் இசக்கி. அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"அடுத்த ஆளுக்கு என் இடத்துல தட்டு நிக்கும் டாக்டர். தட்டு பக்கத்துல இருந்து எட்டிப் பாக்குமா?"

அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சுடலைமணியிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் உடம்பு, அவனுக்குத் தெரிய வேண்டும். கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பம் என் வயித்துக்குள்ள கைய விட்டது நீதானா?" என்று சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். "தையலு இவ்வளவு நேரா இருக்கும்போதே நெனச்சேன் தங்கச்சி. ஞானதுரை சாரு எங்க மாமாவுக்குப் போட்ட தையலு மலைப்பாதை மாதிரில்லா கெடக்கும்." நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவன் வாய் அப்படி. சிரித்தால் தையல் வலிக்கிறதென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அந்தத் தட்டு எங்கெல்லாம் போகுது?"

"எல்லாத் தளத்துக்கும்."

"வடக்கு முகாமுக்கும்?"

"ஆமா."

"என் தம்பி அங்கதான் தோண்டுதான்" என்றான்.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. கடைசித் தையல் சார் போட்டதல்ல. கை இயந்திரத்தினுடையது. மனம் என்னுடையது, எனக்கே தெரியாமல். ஆனால் பெரிய குழாயின் முடிச்சு அவருடையது. மூன்றாவதை இறுக்கும் முன் தயங்கினார் என்று எழுதினேனே, அந்தத் தயக்கம் இயந்திரத்துக்குத் தெரியாது, எனக்கும் வராது. அந்த நூல் கரையாத நூல். சுடலைமணி இருக்கும்வரை அவனுக்குள் இருக்கும். நீங்கள் எப்போதாவது அவனைப் பார்த்தால் இடது விலாவுக்குக் கீழே கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதைச் சாதாரணச் செய்தியாக அனுப்பியிருக்கலாம். செய்திகள் நிறுவனத்தின் வழியாகப் போகின்றன, வழியில் வாசிக்கப்படுகின்றன. பூமிக்குத் திரும்பும் கலத்தில் போகும் கைக்கடிதத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. இங்கிருந்து கிருமி எதுவும் பூமியில் இறங்கக் கூடாது என்பதால் அதை நீராவியில் வேகவைத்துத்தான் ஏற்றுவார்கள். மை கரைந்துவிடும், அதனால் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு உறை சான்றளிக்கும் குழுவுக்கு. அதில் உறுதிமொழித் தாள் இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, நடந்ததைக் கீழே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் கோடுகளின் நகலையும் சாரின் குரல் பதிவையும் என் கையில் வைத்துவிட்டுப் போனார். சிறிய தகட்டில் இருக்கின்றன, ஆவி அவற்றை ஒன்றும் செய்யாது. குழு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் தெரியாது. சந்தேகம் வந்தால் அசுத்தம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

கருவிகளைப் பொதிந்து ஒட்டும் அறையிலிருந்துதான் இதை முடிக்கிறேன். ஜன்னலில் மலைவிளிம்பின்மேல் பூமி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு இப்போது விடிந்துகொண்டிருக்கிறது. ஒட்டும் இயந்திரம் சூடாகிவிட்டது. ரெஜினா அக்கா உறையின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஒட்டிட்டா பிரிக்க முடியாது பிள்ள. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு. நீ கையெழுத்துப் போடுவியா? சரிபார்த்தவங்க பேரு வேணும்."

"போடாம? உன்னப் பழக்குனது நான்லா."

இத்துடன் நிறுத்துகிறேன். உறையின் மேல் இருக்கும் பட்டை இப்போது வெள்ளையாக இருக்கிறது. ஆவியில் வெந்தால் கறுக்கும். உங்கள் கைக்கு வரும்போது கறுப்பாக இருந்து, வாய் ஒட்டியபடியே இருந்தால், நான் எழுதியது அப்படியே வந்திருக்கிறது என்று பொருள்.

இப்படிக்கு,
இசக்கிச்செல்வி

(உறையின் மேல்)

உள்ளே: கடிதம், ஒன்று.
பொதிந்தவர்: இசக்கிச்செல்வி, பயிலுநர்.
சரிபார்த்தவர்: ரெஜினா, அறுவைத் தொழில்நுட்பர்.
பட்டை: கறுத்தது. கலத்தில் ஏற்றியாயிற்று.